எலெக்ட்ரிக் கிட்டார் பாடிக்குச் சாயமும் கிளியர் கோட்டும் (நிறமில்லாத மேல்பூச்சு): உரிப்பதிலிருந்து மெருகேற்றுவது வரை

பெயிண்ட் மரத்தின் மேல் உட்கார்ந்து கீழே இருப்பதை மூடிவிடும். சாயம் அப்படியல்ல. அது மரத்துக்குள் இறங்கி, ரேகையைக் காட்டும்போதே கீறல், பசைக் கறை, மெஷின் போட்ட வட்டத் தடம் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும். சாயம் பூசும் நேரம் அரை மணிகூட இருக்காது. பாடி கெடுவது பெரும்பாலும் அதற்கு முன் தேய்த்த தேய்ப்பிலும், அதற்குப் பின் பொறுமையில்லாமல் தேய்த்த தேய்ப்பிலும்தான்.

இங்கே எடுத்துக்கொள்வது ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவ பாடி. நெக் (விரல் வைத்து வாசிக்கும் நீண்ட பகுதி) நான்கு ஸ்குரூவில் தனியாகக் கழன்று வந்துவிடும் என்பதால் முதல்முறை செய்பவருக்கு இதுதான் தோது. நெக்கை ஒட்டிச் செய்த கிட்டாரில் முறை ஒன்றுதான். மறைப்பு டேப் வேலை மட்டும் பல மடங்கு கூடும்.

எந்த கிட்டாரை எடுக்கலாம்

கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று முழுதாக மூடிய பெயிண்டுக்குக் கீழே அழகான மரம் காத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். அழகான ரேகை உள்ள பலகையைத் தொழிற்சாலை எடுத்துவைத்து, ரேகை தெரியும் பூச்சுக்குத்தான் பயன்படுத்தும். மலிவான கிட்டார்களில் பாஸ்வுட், பாப்ளர் போன்ற மரத்தை நான்கைந்து துண்டாக ஒட்டியிருப்பார்கள். பாஸ்வுட்டில் ரேகை அநேகமாகத் தெரியாது. சாயத்தை ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் குடித்துத் திட்டுத் திட்டாக நிற்கும். பாப்ளரில் பச்சைக் கோடுகள் ஓடும். ஆல்டர், ஆஷ், மஹாகனி, மேலே மேப்பிள் பலகை ஒட்டிய பாடி ஆகியவை சாயத்துக்கு நன்றாக இணங்கும். பிக்கார்டை (முன்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் தகடு) கழற்றிக் குழிக்குள்ளும், பின்புறம் ஸ்பிரிங் குழிக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தால் பெயிண்ட் படாத இடம் கொஞ்சமாவது தென்படும். எந்த மரம், எத்தனை துண்டு என்பது அங்கேயே ஓரளவு தெரிந்துவிடும்.

1950, 60-களின் கிட்டார் கையில் இருந்தால் தொடவே வேண்டாம். தொழிற்சாலைப் பூச்சு போனால் அதன் விலையில் பெரும்பகுதி போய்விடும். ஒலி மாறும் என்ற ஆசையில் இந்த வேலையில் இறங்குவதும் வீண். திடமான பாடியில் தந்தியின் அதிர்வை எடுப்பது பிக்அப் என்ற காந்தச் சுருள். இது கண்ணுக்கான வேலை.

கழற்றுவது

தந்திகளைத் தளர்த்திக் கழற்றிவிட்டு நெக், பிக்கார்ட், பிரிட்ஜ், ஜாக் தட்டு, பெல்ட் பட்டன் என்று எல்லாவற்றையும் எடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போட்டோ. ஸ்பிரிங் குழியில் உள்ள இரும்புக் கொக்கியில் எர்த் வயர் சால்டர் செய்திருக்கும். அதை உருக்கி எடுங்கள், வெட்ட வேண்டாம். இரண்டு தூண் வைத்த பிரிட்ஜாக இருந்தால் அந்தத் தூண்கள் இறங்கும் உலோகக் குழல்களும் வெளியே வர வேண்டும். குழலுக்குள் அடியில் ஒரு சிறு போல்ட் துண்டைப் போட்டு, மேலே தூணைத் திருகினால் போல்ட் அடியில் முட்டிக் குழல் தானாக மேலே ஏறும். கிடுக்கி வைத்து நெம்பினால் பெயிண்டோடு மரமும் பெயரும்.

பழைய பூச்சை உரிப்பது

முதலில் அது என்ன பூச்சு என்று பாருங்கள். நெக் பாக்கெட்டுக்குள் (நெக் உட்காரும் குழி) மறைவான இடத்தில் அசிட்டோன் தோய்த்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். பூச்சு பிசுபிசுத்துப் பஞ்சில் ஒட்டினால் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். தின்னரிலேயே கரைத்துத் துடைத்துவிடலாம். ஒன்றும் ஆகவில்லை என்றால் பாலியூரித்தேன் அல்லது பாலியஸ்டர். 1960-களின் இறுதியில் ஃபெண்டர் தடிமனான பாலி பூச்சுக்குப் போன பிறகு பெரும்பாலான தொழிற்சாலைகள் அந்த வழிக்கே வந்துவிட்டன. இன்று கடையில் வாங்கும் கிட்டார் அநேகமாக இந்த ரகம்தான். பெயிண்ட் ரிமூவர் பாலியஸ்டரை அசைக்காது, பணம்தான் விரயம்.

பாலியஸ்டருக்கு ஹீட் கன்தான் வழி. குழியின் விளிம்பில் ஆரம்பித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் உள்ளங்கை அகலத்துக்குச் சூடு காட்டிக்கொண்டே இருங்கள். பூச்சு மெல்லக் கொப்பளித்து இளகும்போது பட்டித் தகட்டை அடியில் நுழைத்துத் தள்ளினால் அப்பளமாகப் பெயர்ந்து வரும். தகட்டின் இரண்டு முனைகளையும் முன்பே அரம் வைத்து உருட்டிவிடுங்கள். பாஸ்வுட்டில் கூர்முனை இறங்கினால் அந்தப் பள்ளம் எளிதில் போகாது. சூடு அதிகமானால் மரம் கருகும். கருகல் ஆழமாக இருந்தால் அந்த இடத்துக்கு வெளிர் சாயம் இனி எடுபடாது. புகை நல்லதல்ல, மொட்டை மாடியிலோ வெளித் திண்ணையிலோ, ஆவி வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டுச் செய்யுங்கள். தூசிக்குப் போடும் துணி மாஸ்க் ஆவிக்கு உதவாது.

பெயிண்ட் போன பிறகு மரம் தெரிகிறது என்று நினைத்து ஏமாறுவது இந்தக் கட்டத்தில்தான். பெயிண்டுக்கு அடியில் நிறமில்லாத சீலர் ஒரு அடுக்கு மரத்தோடு ஒட்டிக் கிடக்கும். அது இருக்கும்வரை சாயம் உள்ளே போகாது. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். முத்தாக நின்றால் சீலர் இன்னும் இருக்கிறது. உடனே பரவி மரம் கறுத்தால் வெறும் மரம் வந்துவிட்டது. பாடி முழுக்க, குறிப்பாக நெக்கின் இருபுறமும் நீளும் கொம்புகளின் உள்வளைவில், இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

உப்புத்தாள் வேலை

மீதி சீலரை எடுக்க 100 அல்லது 120 நம்பரில் தொடங்கி 150, 180, 220 என்று போங்கள். ஒவ்வொரு நம்பரின் வேலையும் முந்தைய நம்பரின் கீறலை அழிப்பது மட்டும்தான். 120-லிருந்து நேராக 220-க்குத் தாவினால் 120-இன் கீறல் அடியிலேயே இருக்கும், சாயம் பட்டதும் கறுப்புக் கோடாக எழுந்து நிற்கும். சமதளத்தில் ஆர்பிட்டல் சாண்டர் ஓட்டலாம், ஆனால் கடைசி நம்பரைக் கையால், கட்டையில் சுற்றி, ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். நெக் பாக்கெட்டின் விளிம்பிலும் உள்ளேயும் சாண்டரைக் கொண்டுபோக வேண்டாம். அந்த விளிம்பு உருண்டுவிட்டால் நெக்குக்கும் பாடிக்கும் நடுவே என்றைக்கும் ஒரு சந்து தெரியும்.

220-க்கு மேல் சமதளத்தைத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டியதில்லை. மரம் மெருகேறிவிட்டால் சாயம் குடிக்காது. விதிவிலக்கு, பெல்ட் பட்டன் வரும் அடிமுனையும் கொம்பு நுனிகளும். அங்கே மர நாரின் வாய் திறந்திருப்பதால் சாயம் அதிகமாக இறங்கிக் கறுக்கும். அந்த இடங்களை மட்டும் 320 வரை தேய்த்தால் நிறம் மற்ற இடத்தோடு ஒத்துவரும்.

பள்ளம் இருந்தால் பட்டி போட வேண்டாம். எந்தப் பட்டியும் சாயத்தை மரம்போலக் குடிக்காது, திட்டாகத் தெரியும். நார் அறுபடாமல் அமுங்கிய பள்ளம் என்றால் ஈரத் துணியை மேலே வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியின் முனையால் சில வினாடி அழுத்துங்கள். ஆவி ஏறி நார் உப்பி மேலே வரும்.

பிறகு எம்.டி.ஓ. என்று பெயிண்ட் கடையில் விற்கும் மினரல் டர்பன்டைனைத் துணியில் தோய்த்துப் பாடி முழுக்க ஒருமுறை துடையுங்கள். ஈரமாக இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் பசைக் கறை வெளிறியும், விட்டுப்போன கீறல் பளிச்சென்றும் தெரியும். பென்சிலால் குறித்துக்கொண்டு, காய்ந்ததும் தேயுங்கள்.

தண்ணீரில் கரையும் சாயம் என்றால் இன்னும் ஒரு படி உண்டு. தண்ணீர் பட்டால் மர நார் முள்முள்ளாக எழும். அதை முன்பே எழுப்பிவிட வேண்டும். ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, 320-ஆல் எழுந்த முனைகளை மட்டும் மெதுவாகச் சீவி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் புது நார் கிளம்பும், செய்த வேலை வீணாகும்.

சாயம் தேர்வு

எதில் கரைகிறது என்பதை வைத்தே சாயத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலே வரும் பூச்சு அடியில் உள்ள சாயத்தைக் கரைக்கக் கூடாது. தண்ணீரில் கரையும் தூள் சாயம் மெதுவாகக் காயும், சமமாகப் பரப்ப அவகாசம் தரும், மேலே அரக்கோ (ஷெல்லாக்) நைட்ரோ லேக்கரோ வந்தால் அசையாது. ஆனால் தண்ணீர் அடிப்படையிலான கிளியர் கோட்டை நேராக மேலே போட்டால் கரைந்து வழியும். ஸ்பிரிட்டில் கரையும் சாயம் நாரை எழுப்பாது, ஆனால் நொடியில் காய்ந்துவிடுவதால் ஒரு இழுப்பும் அடுத்த இழுப்பும் சேருமிடத்தில் இரட்டைக் கோடு விழும். துணியால் பூசுபவருக்கு அது தலைவலி. மேலே அரக்கைத் துணியால் தேய்த்தால் அதிலுள்ள ஸ்பிரிட் சாயத்தையும் இழுத்துக்கொண்டு வரும். வெளிச்சத்தில் நிறம் மங்காமல் நிற்பதில் உலோகக் கூட்டுச் சாயங்கள் முதலிடம். செறிவான திரவமாக வரும் இவை தண்ணீரிலும் ஸ்பிரிட்டிலும் கலக்கும். துணிச் சாயப் பொடி மலிவுதான், ஜன்னல் ஓரத்தில் தொங்கும் கிட்டாருக்கு ஆகாது.

அளவு: தூள் என்றால் 200 மில்லி வெந்நீருக்கு 3 கிராம், செறிவுத் திரவம் என்றால் 200 மில்லிக்கு 6 மில்லி. காய்ச்சி வடித்த தண்ணீரே நல்லது, குழாய்த் தண்ணீரின் உப்பும் இரும்பும் நிறத்தைத் திரித்துவிடும். கண்ணாடிப் பாட்டிலில் கலக்கி, ஆறவிட்டு, காபி வடிதாளில் வடிகட்டுங்கள். கரையாத ஒரு துகள் போதும், பாடியில் வால்போல நிறக் கோடு இழுக்க. ஒரு பாடிக்கு 200 மில்லி தாராளம், ஆனால் மொத்தத்தையும் ஒரே தடவையில் கலக்குங்கள். பாதியில் தீர்ந்து புதிதாகக் கலந்தால் அதே நிறம் வராது.

நீலம் விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மரம் இயல்பிலேயே மஞ்சள் சாயல் கொண்டது. அதன் மேல் நீலம் பட்டால் பச்சையை நோக்கிச் சாயும். நைட்ரோ லேக்கர் வருடம் போகப் போக மஞ்சளாகும் என்பதால் இன்னும் பச்சையாகும். நீலத்துக்கு மஞ்சளாகாத அக்ரிலிக் பாலியூரித்தேன் கிளியரே சரி. சிவப்பு, ஆம்பர், பழுப்புக்கு அந்த மஞ்சள் அழகே சேர்க்கும்.

பூசும் முறை

பிக்கார்ட் மூடும் இடம் முழுக்க உங்களுக்கு இலவசச் சோதனைப் பலகை. அதே மரம், அதே தேய்ப்பு. அங்கே முதலில் பூசிக் காயவிட்டு எம்.டி.ஓ. தடவிப் பாருங்கள். காய்ந்த சாயம் சுண்ணாம்பு படிந்ததுபோல உயிரில்லாமல் இருக்கும். அதைக் கண்டு பயந்து மேலும் மேலும் பூசுவதுதான் பாடி கறுத்துப்போகக் காரணம். எம்.டி.ஓ. ஈரத்தில் தெரிவதே கிளியர் கோட்டுக்குப் பிறகு வரப்போகும் நிறம். நீரிலும் ஸ்பிரிட்டிலும் கரையும் சாயத்தை எம்.டி.ஓ. கரைக்காது.

கையுறை போட்டு, பஞ்சு போகாத பழைய பருத்தி பனியன் துணியை மடித்து நன்றாக நனைத்து, பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கை பழகுவதற்குள் முன்பக்கத்துக்கு வர வேண்டாம். துணி ஈரம் குறையாமல், நீள நீளமாக, நடுவில் நிறுத்தாமல் இழுத்து, முழுப் பக்கமும் ஈரமாக இருக்கும்போதே தேங்கியதை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கூடுதலாக ஏறிவிட்டால் வெறும் தண்ணீரில் துடைத்துக் கொஞ்சம் வெளிறவைக்கலாம். முழுதாக எடுக்க முடியாது. வெளிர் நிறத்தில் இரண்டு முறை பூசுவது அடர் நிறத்தில் ஒருமுறை பூசுவதைவிடப் பாதுகாப்பு.

அலையலையாக ரேகை ஓடும் மேப்பிள் என்றால் முதலில் நீர்த்த கறுப்பைப் பூசிக் காயவிட்டு, 220-ஆல் தேய்த்து எடுங்கள். நார் திறந்த கோடுகளில் மட்டும் கறுப்பு தங்கும், மற்ற இடம் வெள்ளையாகிவிடும். அதன் மேல் விரும்பிய நிறத்தைப் போட்டால் ரேகை ஆழம் பிடித்து எழும். பாஸ்வுட்டில் இதைச் செய்து பயனில்லை. ஓரம் கறுத்து நடு வெளுக்கும் சன்பர்ஸ்ட்டும் பாஸ்வுட், பாப்ளரில் துணியால் வராது. அவற்றுக்கு மஞ்சளை மட்டும் மரத்தில் பூசி, சீல் செய்து, ஓரத்து நிறத்தை லேக்கரில் கலந்து ஸ்ப்ரே கன்னால் அடிப்பதே வழி.

சாயம் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். இனி கிளியர் ஏறும்வரை வெறுங்கையால் தொட வேண்டாம்.

சீல், துளை நிரப்பல், கிளியர்

நெக் பாக்கெட்டுக்குள் டேப் ஒட்டி, ஸ்குரூத் துளைகள் வழியாக ஒரு மரச்சட்டத்தை முடுக்குங்கள். ஓரடி நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே பிடி, அதுவே தொங்கவிடும் கொக்கி. பாக்கெட்டுக்குள் கிளியர் ஏறினால் நெக் இறுகி, மாட்டும்போது மூலையில் பூச்சு வெடிக்கும்.

மெழுகு நீக்கிய அரக்கை 250 மில்லி ஸ்பிரிட்டுக்கு 30 கிராம் வீதம் ஊறவைத்து, நீர்ச் சாயத்தின் மேல் மெல்ல ஒரு கோட். ஸ்பிரிட் சாயம் என்றால் இதையும் ஸ்ப்ரேயாகவே, பனி படிவதுபோல, இரண்டு முறை. ஆஷ், மஹாகனிக்கு மர நாரின் துளை பெரிது. இந்த அரக்குக்கு மேல் கிரெய்ன் ஃபில்லரை (அந்தத் துளைகளை அடைக்கும் பசை) ரேகைக்குக் குறுக்காக அழுத்தித் தடவி, மீதியை வழித்து எடுங்கள். ஆல்டர், மேப்பிள், பாஸ்வுட், பாப்ளருக்கு ஃபில்லர் தேவையில்லை.

நம் ஊர்க் கடையில் எளிதில் கிடைப்பது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) சாண்டிங் சீலரும் என்.சி. கிளியர் லேக்கரும். சீலர் இரண்டு கோட்டுக்கு மேல் வேண்டாம். எளிதாகத் தேய வேண்டும் என்பதற்காக அதில் சோப்புத் தன்மையுள்ள பொருள் சேர்த்திருப்பார்கள்; கனமாக அடித்தால் மெத்தென்று, கலங்கலாக இருக்கும், மேலே வரும் லேக்கர் அதன்மேல் வெடிக்கும். கதவு, கட்டிலுக்கு அடிப்பதுபோல அடித்துத் தரச் சொல்லிப் பட்டறையில் விட்டுவந்தால் இதுதான் நடக்கும்.

லேக்கரையும் தின்னரையும் சமபங்கு கலந்து, 1.3 அல்லது 1.4 மி.மீ. முனை உள்ள கன்னில், பாடியிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி, ஒரு இழுப்பின் பாதியை அடுத்த இழுப்பு மூடும்படி அடியுங்கள். முதல் இரண்டு கோட் மிக மெல்லியதாக இருக்கட்டும். ஈரமாக அடித்தால் ஸ்பிரிட் சாயம் கரைந்து ஓரங்களில் ஒழுகும். பிறகு கோட்டுக்கு இரண்டு மணி இடைவெளி, நாளுக்கு மூன்று கோட், மொத்தம் பத்துப் பன்னிரண்டு. ஒரு லிட்டர் லேக்கர், ஒரு லிட்டர் தின்னர் போதும். நான்கு கோட்டுக்குப் பிறகு எழும்பிய தூசியை மட்டும் 400 நம்பரால் தட்டிவிடலாம். விளிம்பை இப்போது தொடவே கூடாது.

சென்னை, நாகை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் நைட்ரோவுக்கு எதிரி ஈரக் காற்று. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் உள்ளே சிக்கிப் பால்போல வெளுத்துவிடும். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டும் நாளில் அடிக்காமல் இருப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலையைத் தள்ளிவையுங்கள். வெளுத்துவிட்டால் உலர்ந்த வெயில் நாளில் ரிடார்டர் (ஆவியாவதை மெதுவாக்கும் திரவம்) கலந்த தின்னரை மட்டும் லேசாக அடித்தால் தெளியும்.

அம்மைத் தழும்புபோலக் குழிகள் விழுந்தால் சிலிகான். பழைய கிட்டாருக்குப் போட்ட கார் பாலிஷ், துருநீக்கி ஸ்ப்ரே, கையில் தடவிய கிரீம் எல்லாம் காரணமாகலாம். அதன்மேல் மேலும் லேக்கர் ஊற்றி மூட முடியாது. காயவிட்டுத் தேய்த்து, எம்.டி.ஓ. போட்டுத் துடைத்து, அரக்கு ஒரு கோட் அடித்துத் தொடருங்கள். ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரத்தால் கன் தூரத்தில் இருக்கிறது அல்லது லேக்கர் கெட்டி. வழிந்தால் ஈரத்தில் தொடாதீர்கள். முழுதாக இறுகிய பிறகு பிளேடால் சீவுவது எளிது.

நைட்ரோ பெட்ரோலைப்போலப் பற்றிக்கொள்ளும், தேய்த்த தூளும் அப்படியே. பக்கத்தில் அடுப்பு, பூஜை விளக்கு, மின்விசிறிப் பொறி எதுவும் ஆகாது. ஹார்டனர் கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) கிளியர் சீக்கிரம் இறுகும், மஞ்சளாகாது. ஆனால் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் வாசனையே காட்டாமல் நுரையீரலைக் கெடுக்கும். சாதாரண கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கை நம்பி வீட்டில் அடிக்க வேண்டாம். வெளிக்காற்றுக் குழாய் மாஸ்க் உள்ள கார் பெயிண்ட் பட்டறையில் சாயமும் சீலும் போட்ட பாடியைக் கொடுத்து அடித்து வாங்குங்கள். கன்னே இல்லாதவர்கள் துணியால் தடவும் ஆயில் ஃபினிஷுக்குப் போகலாம், அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவைத்து எறியுங்கள்.

மட்டம் தேய்த்து மெருகேற்றுவது

மூன்று, நான்கு வாரம் தொங்கட்டும். மூக்கை வைத்தால் தின்னர் வாசனை வந்தால் இன்னும் ஆகவில்லை. அவசரப்பட்டுத் தேய்த்தால் லேக்கர் பிறகு சுருங்கி, மர ரேகை மேலே அச்சடித்ததுபோலத் தெரியும்.

வாட்டர் பேப்பர் 800-இல் தொடங்கி 1000, 1200, 1500, 2000. ரப்பர் கட்டையில் சுற்றி, தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்து தேயுங்கள். ஸ்குரூத் துளைகளுக்குள் தண்ணீர் போனால் மரம் உப்பித் துளையைச் சுற்றி லேக்கர் வெடிக்கும். மெழுகால் அடைத்துவிடுங்கள் அல்லது தண்ணீருக்குப் பதில் எம்.டி.ஓ. ஊற்றுங்கள். 800-இலேயே பரப்பு முழுக்க ஒரே மங்கலாக வர வேண்டும். பளபளக்கும் புள்ளி ஒன்று இருந்தாலும் அது பள்ளம். விளிம்புகளில் 1500-க்குக் கீழே போக வேண்டாம், கட்டையும் வேண்டாம், விரலால் இரண்டு இழுப்பு போதும்.

விளிம்பில் திடீரென்று வெளிர் கீற்று தெரிந்தால் கிளியரைத் தாண்டிச் சாயத்தையும் தேய்த்துவிட்டீர்கள் என்று பொருள். அப்போதே நிறுத்துங்கள். மெல்லிய ஓவியத் தூரிகையால் அதே சாயத்தை அந்த இடத்தில் மட்டும் தொட்டுவைத்து, காய்ந்ததும் கிளியரைத் துளித் துளியாக நான்கைந்து முறை வைத்து உயர்த்தி, இரண்டு வாரம் கழித்து மட்டமாக்கலாம். இதற்காகவே மீந்த சாயத்தை எறியாமல் வைத்திருங்கள்.

ரப்பிங் காம்பவுண்டை ஸ்பாஞ்ச் பேடில் வைத்து, டிரில்லைக் குறைந்த வேகத்தில் ஓட்டி, முதலில் கரடான காம்பவுண்ட், பிறகு நைஸ். ஒரே இடத்தில் நின்றால் சூட்டில் லேக்கர் இளகிச் சுருளும். சிலிகான் கலந்த கார் பாலிஷ் இப்போதும் வேண்டாம். பின்னால் பூச்சைத் தொட்டுச் சரிசெய்ய விடாது.

மாட்டும்போது

ஒவ்வொரு ஸ்குரூத் துளையின் வாயிலும் ஏறியிருக்கும் லேக்கரைப் பெரிய டிரில் முனையைக் கையால் சுழற்றிச் சற்றே குழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்குரூ ஏறும்போது லேக்கரைத் தூக்கிச் சில்லாக உடைக்கும். ஸ்குரூ மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். எர்த் வயரை முதலில் சால்டர் செய்துவிட்டு மற்றதை மாட்டுங்கள். மறந்தால் ஆம்ப் போட்டதும் இரைச்சல் நினைவூட்டும். நைட்ரோ அடித்த கிட்டாரை ரப்பர் குழாய் சுற்றிய ஸ்டாண்டில் நிறுத்தினால் பட்ட இடத்தில் லேக்கர் இளகித் தடம் விழும். ஸ்டாண்டின் கைகளில் பருத்தித் துணியைச் சுற்றிவிடுங்கள்.